சொட்டுத் தடமே இல்லாமல் குறைந்த கூலன்ட்: ஒரு டீசல் காருடன் நெடுநாள் அனுபவம்

நான் ஓட்டிவரும் அதே மாடல் டீசல் கார் ஒன்று பழைய வண்டிச் சந்தையில் மலிவாக வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது சிறிய டீசல் என்ஜின்கள் பலவற்றின் உற்பத்தி நின்றுபோனது. என் வண்டியின் என்ஜினும் அவற்றில் ஒன்று. இழுவை, மைலேஜ், நெடுஞ்சாலையில் அதன் நிதானம் ஆகியவையெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் காரணமே தெரியாமல் குறைந்துகொண்டிருந்த காலத்தில் இந்த வண்டி என்னை எப்படி அலைக்கழித்தது என்பதுதான் தெரியாது. பழுது இப்போதுதான் முழுமையாகத் தீர்ந்திருக்கிறது என்பதால், நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தொடக்கத்தில் தெரிந்தது மிகச் சிறிய மாற்றம்தான். காலையில் பானட்டைத் திறந்து பார்த்தால், கூலன்ட் தொட்டியின் மேல் கோட்டில் இருக்க வேண்டிய அளவு கீழ்க்கோட்டை நோக்கி இறங்கியிருக்கும். வண்டி நின்ற இடத்தில் ஈரமில்லை, ஹோஸ்களில் கசிவின் வெண்கறை இல்லை, ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் போன்ற படிவும் இல்லை. கோவையிலிருந்து சமவெளியில் சென்றுவரும் நாட்களில் குறைவு கண்ணுக்கே தெரியாது. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரிக்கு ஏறினாலோ, சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாலோ, மறுநாள் காலை தொட்டி பாதி காலியாக இருக்கும். அப்படி ஓர் ஏற்றத்தில்தான் முதன்முறையாக வெப்பம் எல்லை மீறிச் சிவப்பு விளக்கு எரிந்தது.

என் கோபத்தின் பெரும்பகுதி அந்த வெப்பமானி முள்ளின் மீதுதான். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் முள் உண்மையான வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து என்ஜின் வேலை செய்யும் வெப்பநிலைக்கு வந்துவிட்டால் முள் நடுவில் நின்றுவிடும். அதற்குப் பிறகு வெப்பம் பதினைந்து இருபது டிகிரி கூடிக் குறைந்தாலும் அது அசையாதபடி மென்பொருளில் அமைத்திருப்பார்கள். முள் லேசாக ஆடினாலே உரிமையாளர்கள் பயந்து பட்டறைக்கு வருகிறார்கள் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால், முள் நகரத் தொடங்கும் நேரத்தில் ஓட்டுநருக்கு யோசிக்க அவகாசமே இருப்பதில்லை. கூலன்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சென்சார் திரவத்தை விட்டுக் காற்றை அளக்கும், என்ஜின் கொதிக்கும்போதும் முள் அமைதியாகவே இருக்கும். கூலன்ட் குறைந்ததைச் சொல்லும் தனி எச்சரிக்கை என் வண்டியில் இல்லை. ஒரு மிதவையும் ஒரு சிறு விளக்கும் போதும். அந்தச் சிக்கனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு என்ஜின் கணினியின் அளவீடுகளைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தி, உண்மையான டிகிரியை அலைபேசியில் பார்த்துக்கொண்டு ஓட்டத் தொடங்கினேன். நண்பர் எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் முதலில் செய்ய வேண்டிய செலவு அதுவே என்பேன்.

பட்டறைகளில் கிடைத்த முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள், ஆவியாகத்தான் போயிருக்கும்." மூடிய குளிரூட்டும் அமைப்பில் கூலன்ட் அந்த வேகத்தில் ஆவியாகிப் போக வழியில்லை. மூடியில் அழுத்த வால்வு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால்தான், சாதாரணமாக 107 டிகிரி அளவில் கொதிக்கும் பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலவை 130 டிகிரியை நெருங்கும் வரை கொதிக்காமல் இருக்கிறது. அதனால், குறைந்த கூலன்ட் எங்கோ வெளியேறியிருக்கிறது என்றே பொருள். குழாய்த் தண்ணீரை ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. நம் ஊரில் உறைபனியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, ஆனால் கூலன்ட் என்பது உறைவதைத் தடுக்க மட்டும் இருப்பதன்று; அலுமினியம் அரிக்காமல் காக்கும் சேர்மங்கள் அதில் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரைச் சேர்த்தால் அந்தச் சேர்மங்கள் நீர்த்துப்போவதோடு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பும் படிகிறது. பச்சையா சிவப்பா என்று நிறம் பார்த்து ஊற்றுவதும் தவறு. நிறத்துக்குப் பொதுவான தரநிலை எதுவும் கிடையாது, கையேட்டில் குறிப்பிட்டுள்ள வகையைப் பார்த்தே ஊற்ற வேண்டும்.

ஒழுங்காகத் தேடிய முதல் பட்டறையில் வேலை முறையாக நடந்தது. மூடியைத் தனியே சோதித்தார்கள், அழுத்தத்தைத் தாங்கியது. குளிர்ந்த என்ஜினில் கைப்பம்பை மாட்டி அமைப்பு முழுவதையும் அழுத்தத்தில் வைத்தபோது, அளவி மிக மெதுவாக இறங்கியது, ஆனால் வெளியே ஒரு துளிகூடத் தெரியவில்லை. வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் கசிவுத் துளை உலர்ந்திருந்தது. கூலன்டில் சாயம் கலந்து, ரேடியேட்டரின் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பைப் புற ஊதா விளக்கில் பார்த்தும் எதுவும் ஒளிரவில்லை. ஹீட்டர் கசிந்தால் முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் பனிமூடும், பயணி இருக்கையின் காலடியில் தரைவிரிப்பு நனையும், இரண்டும் இல்லை. வெளியே வராத கூலன்ட் உள்ளேதான் போக வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது சரியே.

அதன் பிறகுதான் சிக்கல் தொடங்கியது. கூலன்ட் தொட்டியின் வாயில் நீலத் திரவம் கொண்ட கண்ணாடிக் குழாயை வைத்து, அங்குள்ள காற்றை அதன் வழியே உறிஞ்சும் சோதனை ஒன்று உண்டு. எரிந்த வாயுவின் கரியமில வாயு கலந்திருந்தால் திரவம் நிறம் மாறும். நின்றபடி ஓடும் என்ஜினில் அது நிறம் மாறவில்லை. மலை ஏறி இறங்கியவுடன் செய்தபோது மாறியது. காலையில் குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்தாலும் சீறலுடன் காற்று வெளியேறியது, மேல் ஹோஸ் விறைப்பாகவே இருந்தது. இத்தனை அடையாளங்களும், சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கெட்டையே சுட்டுகின்றன என்றும், சிலிண்டர் ஹெட்டை இறக்கிச் சமதளம் பார்த்து, புதிய போல்ட்டுகளும் காஸ்கெட்டும் போட வேண்டும் என்றும் மதிப்பீடு எழுதித் தந்தார்கள். தொகை, சந்தையில் வண்டிக்குக் கிடைக்கும் விலையில் கணிசமான பங்கு.

நான் சம்மதிக்கவில்லை. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் சமமாக இருந்தது, ஆயில் சுத்தமாக இருந்தது. கூலன்ட் இழப்போ ஓடிய தூரத்தைப் பொறுத்துக் கூடாமல், ஏற்றத்தில் என்ஜின் சுமந்த பாரத்தைப் பொறுத்தே கூடியது. டர்போ டீசலில் வாயுவும் கூலன்டும் மெல்லிய உலோகச் சுவர் ஒன்றுக்கு இருபுறமும் ஓடும் இன்னொரு இடம் உண்டு: ஈஜிஆர் கூலர். புகை மாசைக் குறைக்க, எரிந்த வாயுவில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் பாகம் அது. அதன் உட்குழாயில் விரிசல் விழுந்தால் இரண்டு திசையிலும் கசியும். ஏற்றத்தில், டர்போவுக்கு முன்னால் உள்ள புகைவாயுவின் அழுத்தம் கூலன்டின் அழுத்தத்தைத் தாண்டும்போது வாயு கூலன்டுக்குள் நுழைந்து, தொட்டியின் மூடி வழியாகத் திரவத்தை வெளியே தள்ளும். வண்டியை நிறுத்தியபின் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் வாயுப் பாதைக்குள் ஊறும். மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் சிறிது நேரம் இனிப்பு வாடையுடன் வெண்புகை வரும். அந்த வாடையைப் பட்டறையில் யாரும் பொருட்படுத்தவில்லை.

இதைக் கேட்டதும் புரிந்துகொண்டவர், சாலையோரம் சிறு பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர். "ஹெட்டை அவிழ்ப்பது கடைசி வேலை தம்பி, அதற்கு முன்னால் இதை ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம்" என்றார். கூலருக்குச் செல்லும் இரண்டு கூலன்ட் ஹோஸ்களையும் கழற்றி, ஒரு சிறு குழாயால் ஒன்றோடொன்று இணைத்தார். கூலன்ட் இல்லாத கூலருக்குள் சூடான வாயு போகாமலிருக்க வாயுப் பாதையை உலோகத் தகடு வைத்து அடைத்தார். என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். அந்த நிலையில் மலை ஏறி இறங்கியும் தொட்டியின் மட்டம் குறையவில்லை, காலையில் மூடியைத் திறந்தபோது சீறலும் இல்லை. கழற்றிய கூலரின் வாய்களை அடைத்துத் தண்ணீரில் முக்கிக் காற்றழுத்தம் கொடுத்ததும் குமிழிகள் வரிசையாக எழுந்தன. புதிய கூலரைப் பொருத்தித் தகட்டை எடுத்துவிட்டார். சோதனைக்காக அடைத்ததை அப்படியே விட்டு ஓட்டுவது மாசு விதிகளுக்குப் புறம்பானது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அமைப்பில் சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்ற அவர் எடுத்துக்கொண்ட பொறுமையை வேறெங்கும் நான் கண்டதில்லை. சுமந்துகொண்டிருந்த பாரம் இறங்கியது போல் இருந்தது.

ஈஜிஆர் கூலரின் கசிவு பணம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமன்று. 2018-இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, அந்நிறுவனம் சொன்ன காரணம் இதுவே: கூலரிலிருந்து கசிந்த கிளைக்கால் கரிப்படிவோடு சேர்ந்து சூடான வாயுவில் பற்றிக்கொண்டது. அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள்; அந்த ஆண்டு அக்டோபரில் உலக அளவில் அது ஏறத்தாழ 16 லட்சமாக விரிந்தது. என் வண்டி அந்த நிறுவனத்துடையது அன்று, தீயும் பிடிக்கவில்லை. எனினும் "கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நியாயமாகச் சொல்வதென்றால், இத்தனை சூட்டையும் தாங்கி ஹெட் வளையாமல் நின்ற என்ஜின் இது. கிளட்ச், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் எதுவும் எனக்குத் தொல்லை தந்ததில்லை. இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறும்போது அது தரும் நம்பிக்கையை, நான் ஓட்டிப் பார்த்த புதிய பெட்ரோல் வண்டிகள் தரவில்லை. என் வண்டியை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆயினும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். இன்னும் சில மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்போது மனம் அப்படித்தான் இருக்கிறது. அவர் அதையும் மீறிப் பார்க்கப் போவதானால், விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, இரவு முழுவதும் ஓடாத வண்டியைக் காலையில் பார்க்கட்டும். சூடான என்ஜினில் மூடியைத் தொட வேண்டாம். குளிர்ந்த நிலையில் மூடியைத் திறக்கையில் சீறல் வருகிறதா, மேல் ஹோஸ் விறைத்திருக்கிறதா, முதல் ஸ்டார்ட்டின் புகையில் இனிப்பு வாடை அடிக்கிறதா என்று கவனிக்கட்டும். ஈஜிஆர் கூலர் மாற்றிய ரசீது இருந்தால் என்னைக் கூப்பிடட்டும்; ஓபிடி கருவியை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன், கோத்தகிரி வரை ஏற்றிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.