நுரை நிற்க வேண்டுமா? கை உள்ளே போகிற கிளாஸை வாங்குங்கள்

வீட்டில் பியர் குடிக்க கிளாஸ் வேண்டும் என்று கடையில் கேட்டால், முதலில் எடுத்து வைப்பது கைப்பிடி வைத்த கனத்த மக். அடுத்தது அடி ஒடுங்கி மேலே விரிந்த உயரமான பில்ஸ்னர் கிளாஸ். நாமாகக் கேட்டால்தான் நேர் டம்ளர் வெளியே வரும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் எவர்சில்வர் டம்ளரும், முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வாங்கிய வெட்டுக் கண்ணாடிக் கிளாஸும்கூடப் போட்டிக்கு நிற்கும். இந்த அலசலில் ஓட்டு நேர் டம்ளருக்குத்தான்: 400 மில்லி பிடிக்கிற, சுவர் மெலிந்த, வாய் அகன்ற டம்ளர். அழகுப் போட்டி வைத்தால் அது தோற்றுப்போகும். கழுவுகிற இடத்தில்தான் ஜெயிக்கிறது.

முதலில் அளவு. 650 மில்லி பாட்டிலை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 325. மேலே இரண்டு சென்டிமீட்டர் நுரை நிற்க இன்னும் 75, 80 மில்லி இடம் வேண்டும். 300 மில்லி கிளாஸ் வாங்கினால் மிச்சம் பாட்டிலிலேயே கிடந்து சூடாகும். 500 மில்லி டின்னைத் தனியாளாக முடிப்பவர் மட்டும் 600-க்குப் போகலாம். பெட்டியில் அச்சடித்திருக்கும் மில்லி பெரும்பாலும் விளிம்பு வரை ஊற்றினால் வரும் கணக்கு. ‘பைன்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த பைன்ட் என்று கேளுங்கள்: பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473.

மக்கின் கோளாறு அதன் கனத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் 34 டிகிரி அறையில் கிடந்த 600 கிராம் மக்கில், 5 டிகிரிக்குக் குளிர்ந்த பியரை 400 மில்லி ஊற்றினால், கண்ணாடியின் சூட்டை வாங்கிக்கொண்டு பியர் 12 டிகிரியை நெருங்கிவிடும். அதே பியர் 200 கிராம் டம்ளரில் 8 டிகிரியைத் தாண்டாது. கைப்பிடி கைச்சூட்டைத் தடுக்கும், வாஸ்தவம்தான். ஆனால் கண்ணாடியிடமே ஏழு டிகிரியைப் பறிகொடுத்த பிறகு அதைத் தடுத்து என்ன மிச்சம்? மக்கை ஃப்ரீசரில் வைத்து எடுக்கலாமே என்பார்கள். உள்சுவரில் படிந்த பனி பியரில் கரைந்து நீர்க்கும், பனித்துகள் பட்ட இடமெல்லாம் நுரை பொங்கி வழியும். கைப்பிடி ஒட்டிய இடத்தில் கண்ணாடி ஒரே கனமாக இல்லாததால் விரிசலும் பெரும்பாலும் அங்கேதான் விழும். குளிர்ச்சி வேண்டுமானால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைத்தால் போதும்.

பில்ஸ்னர் கிளாஸைக் குறை சொல்ல மனம் வராது. இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் 1842-இல் பிறந்த பொன்னிற லாகர் வகை பியர்தான் டாஸ்மாக்கில் கிடைக்கும் பியர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை. அதற்கென்றே அமைந்த வடிவம் இது. குறுகலான உடம்பில் குமிழ்கள் வரிசையாக ஏறுவது தெரியும், நுரையும் உயர்ந்து நிற்கும். ஆனால் அடியில் நாலு சென்டிமீட்டர்தான் அகலம். இரண்டு விரல்கூடச் சரியாக உள்ளே போகாது. இங்கேதான் வழக்கே தீர்கிறது.

பியர் நுரையின் குமிழ்ச் சுவரைத் தாங்குவது பார்லியின் புரதமும், பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருளும். ஒரு துளி எண்ணெய் அந்தச் சுவரில் பரவினால் போதும், குமிழ் உடையும், பக்கத்துக் குமிழும் உடையும். பியர் பழசு, கேஸ் போய்விட்டது என்று பாட்டிலைத் திட்டுகிற பல சமயங்களில் குற்றவாளி கிளாஸின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்தான். செட்டிநாட்டு அடுப்படியில் இதற்கு வாய்ப்பு அதிகம். சுக்கா வறுத்த சட்டியைத் தேய்த்த அதே நாரை கிளாஸுக்குள் விட்டால், நல்லெண்ணெயை நாமே பூசி வைக்கிறோம் என்று அர்த்தம். வலது கையால் காடை வறுவல், இடது கையால் கிளாஸ் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தாலும் உதட்டில் எண்ணெய் இருக்கும். முதல் மடக்குக்கு முன் உதட்டைத் துடைத்துக்கொண்டால் நுரை கூடுதல் நேரம் நிற்கும்.

கழுவும் முறை இது. கிளாஸுக்கென்று தனி ஸ்பாஞ்சு, வேறு பாத்திரத்தைத் தொடாதது. குடித்து முடித்ததும் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். காய்ந்த நுரை மறுநாள் இரட்டை வேலை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். சோப்பு தங்கினாலும் நுரையைக் கெடுக்கும். சோப்பு வாடை போகவில்லையென்றால் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டுத் தேயுங்கள். சாம்பலும் பாத்திரம் விளக்கும் பொடியும் ஆகாது. அவை கீறிய இடத்தில் அடுத்த தடவை குமிழ் கொத்தாக ஒட்டும். பிறகு ஓடும் பச்சைத் தண்ணீரில் மூன்று அலசு. துணியால் துடைக்காதீர்கள், துண்டில் இருக்கும் பஞ்சும் எண்ணெயும் கண்ணாடிக்கு வந்துவிடும். கம்பித் தட்டில், அடியில் காற்று போகும்படி கவிழ்த்துக் காயவிடுங்கள். மூடிய அலமாரிப் பலகையில் கவிழ்த்து வைத்தால் பலகையின் வாடை உள்ளே அடைபடும்.

சுத்தமா என்று பார்க்க உப்பு போதும். ஈரமான கிளாஸின் உட்புறம் தூள் உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் சீராக ஒட்டும், எண்ணெய் இருக்கும் இடம் வழுக்கையாகத் தெரியும். பியர் ஊற்றிய பிறகும் தெரிந்துகொள்ளலாம். சுவரில் குமிழ் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றால் அழுக்கு. குடிக்கக் குடிக்க ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு நுரை வளையம் சுவரில் தங்கினால் கிளாஸ் சுத்தம்.

இனி உப்புத் தண்ணீர் வரும் ஊர்களின் தொல்லை. காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் இனிப்புக்குப் பேர்போனது. எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. போர் தண்ணீரில் கழுவுகிற வீட்டில் நாளடைவில் கிளாஸுக்குள் வெள்ளைப் படலம் படியும். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் நிரப்பி வைத்தால் விட்டுவிடும். எலுமிச்சைத் தோலும் உதவும். அப்படியும் போகாவிட்டால் அது படிவு இல்லை, கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அதை மோருக்கு வைத்துக்கொள்ளலாம். இத்தனை வேலையும் கை உள்ளே போகிற டம்ளரில் இரண்டு நிமிஷம். பில்ஸ்னருக்கு நீள பிரஷ் வேண்டும், அந்த பிரஷ்ஷையும் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். மக்கில் கை போகும், ஆனால் தடித்த அடியின் மூலையிலும் வெளிப்புறக் குழிவுகளிலும் அழுக்கு ஒளிந்துகொள்ளும்.

டம்ளருக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் இறுகிக்கொள்ளும். இழுக்காதீர்கள். உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் தானாகக் கழன்றுவிடும். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே புடைப்பு வைத்த வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தால் எந்தக் கண்ணாடிக்கும் கதி ஒன்றுதான், ஆனால் அடி குறுகிய பில்ஸ்னர் கை தட்டினாலே சாய்ந்துவிடும்.

எவர்சில்வர் டம்ளரைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். உடையாது, தகடு மெல்லிசு என்பதால் பியரைச் சூடேற்றுவதும் சொற்பம். முற்றத்து வெயிலில் உட்கார்ந்து குடிப்பதானால் கண்ணாடியைவிட இது மேல். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் வரும். கண்ணாடிக்குள் அதற்குச் சில நிமிஷம் போதும். பியரின் நிறமும் நுரையும் தெரியாது என்பதும், கைச்சூடு நேராக ஏறும் என்பதும் குறை. இரண்டு சுவருள்ள ஸ்டீல் டம்ளர் கைச்சூட்டைத் தடுக்கும், நிறத்துக்கு வழியில்லை.

பழம்பொருள் கடைக் கிளாஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய கிரிஸ்டலில் 24 சதவீதமும் அதற்கு மேலும் ஈய ஆக்சைடு இருக்கும். பியர் புளிப்புத் தன்மை உள்ளது, ஈயத்தைக் கொஞ்சம் இழுக்கும். ஊற்றிய உடனே குடித்தால் அளவு சொற்பம்தான், ஆனாலும் அன்றாடப் புழக்கத்துக்கு வேண்டாம். விளிம்பில் வண்ணப் பூ வேலை இருந்தால் அதுவும் வேண்டாம். அழகுக்குக் கூடத்து அலமாரியில் இருக்கட்டும்.

கோதுமை பியருக்கான நீள கிளாஸும் டியூலிப் கிளாஸும் அந்த வகை பியர் வாங்குகிறவர்களுக்கு. டியூலிப் மணத்தைப் பிடித்து வைக்கும். நன்றாகக் குளிர்ந்த லாகரில் பிடித்து வைக்க அவ்வளவு மணம் இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

கடையில் பார்க்க வேண்டியது: வாய் ஏழரை முதல் எட்டு சென்டிமீட்டர், உயரம் 12-13, எடை 200 முதல் 250 கிராம். நாலு விரலை உள்ளே விட்டால் அடியைத் தொட வேண்டும். நகத்தை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள், தட்டினால் வேறு எடுங்கள். நாலு பேர் வீட்டுக்கும் ஆறாக வாங்கிவிடுங்கள். ஒன்று உடைந்த பிறகு போனால் அதே அச்சு கடையில் இருக்காது.