சுவர் விளிம்புக்கு எது: படரும் ரோஸ்மேரியா, படரும் உண்ணிச்செடியா?

மேட்டைத் தாங்கும் கல்சுவரின் உச்சியிலிருந்து கீழே வழிந்து தொங்க ஒரு செடி தேவைப்பட்டது. தண்ணீரும் அதிகம் கேட்கக் கூடாது. பாதி நீளத்துக்குப் படரும் ரோஸ்மேரி, மீதிக்குப் படரும் உண்ணிச்செடி என்று நட்டு மூன்று வருடமாகிறது. என் ஓட்டு ரோஸ்மேரிக்குத்தான்.

வறட்சியில் இரண்டும் சளைத்தவை அல்ல. முதல் வருடம் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றினால் போதும். வேகமாக மூட வேண்டும், மாதக்கணக்கில் பூ வேண்டும் என்றால் உண்ணிச்செடிதான். ஆனால் அதைத் தின்றால் ஆடுமாடுகளுக்கு நஞ்சு. ரோஸ்மேரியைக் கிள்ளிச் சமையலில் போடலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது கத்தரி வேலை. உண்ணிச்செடியை எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் துளிர்க்கும், அதுவேதான் தொல்லையும். வளரும் பருவத்தில் பாதையை அடைக்காமல் இருக்க அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கிறது. ரோஸ்மேரிக்கு வருடம் ஒருமுறை, பூத்து முடிந்ததும் வெட்டினால் சரி. ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பதில் அது கறார். ஒரு கிளையைப் பிடித்துப் பாருங்கள்: நுனி பச்சையாக வளையும், அதற்குப் பின்னால் இலை அடர்ந்த பழுப்புத் தண்டு, அடியில் இலையே இல்லாத கட்டை. அந்தக் கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. பாதைக்கு நீண்ட ஒரு கிளையை இரண்டாம் வருடம் அப்படி வெட்டிவிட்டேன். அந்த முண்டு இன்றும் காய்ந்தே நிற்கிறது. இப்போதெல்லாம் வெட்டும் இடத்துக்குக் கீழே ஒரு சாணாவது இலை மிஞ்சும்படி பார்த்துக்கொள்கிறேன்.

தண்ணீர் தேங்கும் களிமண் என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம். ரோஸ்மேரியை வறட்சியைவிட ஈரம்தான் சீக்கிரம் கொல்லும், வேர் அழுகிவிடும். சுவர் உச்சியில் நீர் வடிந்துவிடுவதால் எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. நிமிர்ந்து வளரும் ரகங்களைவிடப் படரும் ரகங்கள் பொதுவாகக் குளிரையும் குறைவாகவே தாங்கும். கடும் உறைபனியில் நான் வளர்த்ததில்லை. உண்ணிச்செடியும் அங்கே கருகத்தான் செய்யும்.

வயதான ரோஸ்மேரி நடுவில் வெறுங்கட்டையாகும். என் செடிகள் இன்னும் அந்த வயதை எட்டவில்லை. இருந்தாலும் தாழ்ந்த கிளைகளை மண்ணில் அழுத்தி, மேலே கல் வைத்துப் பதியம் போட்டு வருகிறேன். வேர்விட்ட நான்கு கன்றுகளை, உண்ணிச்செடியைப் பிடுங்கிய இடத்தில் போன வாரம் நட்டேன்.