சின்னக் குதிரைகளின் பயிற்சிக்கூடம்: ஒரு பிசியோதெரபிஸ்டின் விமர்சனம்

உடலிலோ மனதிலோ சிரமம் உள்ளவர்களுக்குக் குதிரைகளைக் கொண்டு பயிற்சி தருவதோடு, அந்த அரிய குதிரை இனத்தையும் காக்க முயலும் இடம் இது. இங்கே வருகிறவர்களை நேரே குதிரை மேல் ஏற்றிவிடுவதில்லை. எனக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். முதல் வகுப்பு முழுக்கத் தரையில்தான். குதிரையின் தோள்பட்டைப் பக்கமாக எப்படி நெருங்குவது, பிரஷ் எந்தத் திசையில் போக வேண்டும், குளம்பை எப்படித் தூக்கிச் சுத்தம் செய்வது என்று சொல்லித் தருகிறார்கள். கை நடுக்கம் உள்ள ஒரு பெரியவர் அரைமணி நேரம் பிடரியைச் சீவிக்கொண்டே இருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். 'குதிரை ஏறினால் பையனுக்கு நடை வருமா?' என்று பெற்றோர் கேட்பதால், நேரில் பார்த்துவிடலாம் என்று தன்னார்வலராகச் சேர்ந்தேன். குதிரை நடக்கும்போது அதன் முதுகு சவாரி செய்பவரின் இடுப்பை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், லேசாகச் சுழற்றியும் அசைக்கிறது. நாம் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இப்படித்தான். அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க உடம்பின் நடுப்பகுதி விடாமல் வேலை செய்தாக வேண்டும். ஆக, சமநிலைப் பயிற்சியாக இது நல்ல பயிற்சி. ஆனால் மூளைப் பாதிப்பால் குழந்தைகளின் அசைவும் நடையும் தடைபடும் மூளைமுடக்குவாதத்தை (cerebral palsy) குணமாக்கும் மருந்து அல்ல. பயிற்சியாளர்கள் இதைத் தெளிவாகவே சொல்கிறார்கள். வாசலில் உள்ள பலகைதான் 'அற்புத மாற்றம்' என்கிறது. அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

குதிரைகள் காஸ்பியன் இனம். உருவம் சின்னது, தலை மட்டும் அரபுக் குதிரை மாதிரி எடுப்பாக இருக்கும். இந்த இனம் வெளியுலகுக்குத் தெரியவந்ததே ஒரு சவாரிப் பள்ளியால்தான். ஈரானில் பள்ளி நடத்திய லூயிஸ் ஃபிரூஸ், பெரிய குதிரைகளைக் குழந்தைகளால் சமாளிக்க முடியவில்லையே என்று சின்னக் குதிரை தேடிப் போனார். 1965-ல் காஸ்பியன் கடலை ஒட்டிய ஆமோல் பக்கம் இவற்றைக் கண்டார். அங்கே அவை வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. குழந்தைகளுக்காகத் தேடப்போய்க் கிடைத்த இனத்தை இன்றும் குழந்தைகளுக்காகவே வைத்திருப்பது பொருத்தம்தான்.

ஆனால் 'மனிதருக்கும் உதவி, இனத்துக்கும் காப்பு' என்பதைச் சொல்வது எளிது, இரண்டையும் சேர்த்துச் செய்வது கடினம். பயிற்சிக்குத் தோதானது வயதான, காயடித்த ஆண்குதிரை. இனம் பிழைக்க வேண்டுமானால் பெட்டைகள் குட்டி போட வேண்டும். பெட்டை சுமார் 11 மாதம் சினையாக இருக்கும், அப்புறம் மாதக்கணக்கில் பால் கொடுக்கும். அந்தக் காலத்தில் அதை வகுப்புக்கு இழுக்க முடியாது. அதனால் எந்த இடத்திலும் நான் முதலில் கேட்பது, 'குட்டி பிறக்கிறதா, வம்சாவளிப் பதிவேடு இருக்கிறதா?' என்பதைத்தான். லாயம் நிறைய அரிய இனக் குதிரை இருந்தும் குட்டியே இல்லை என்றால் அதை இனப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

இந்த இடம் அதில் தேறிவிட்டது. பதிவேட்டைக் கேட்டதும் எடுத்து வந்து காட்டினார்கள். எண்ணிக்கை குறைந்த இனத்தில் நெருங்கிய உறவுக்குள் இணைசேர்க்கை நடந்துவிடும் ஆபத்து உண்டு என்பதால், வெளியிலிருந்து பொலிகுதிரை கொண்டுவருகிறார்கள். சவாரி வகுப்பைக் காயடித்த குதிரைகள் பார்த்துக்கொள்கின்றன. சினைப்பெட்டைகளைத் தேய்ப்பது, குட்டிகளை மனிதக் கைக்குப் பழக்குவது எல்லாம் மனச்சோர்வோடு வரும் பெரியவர்களின் வேலை. நோயாளியாக வந்தவர் அங்கே பராமரிப்பவராக மாறிவிடுகிறார். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு சபாஷ்.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. இங்கிலாந்தில் ஹோஸ்லி பே சிறையின் கைதிகள் சஃபோக் பஞ்ச் என்ற பெரிய உழவுக் குதிரைகளைப் பராமரித்தார்கள். அந்த இனமும் அழிவின் விளிம்புக்குப் போனதுதான்; 1966-ல் அதில் பதிவான குட்டிகள் வெறும் 9.

பாதுகாப்பில் குறை சொல்ல இடமில்லை. ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏற முடியாது. குதிரையைப் பிடித்து ஒருவர் நடக்க, இரு பக்கமும் ஆள் போகிறார்கள். குதிரை காதைப் பின்னால் மடக்கி வாலை வீசினால் வகுப்பு அத்தோடு நின்றுவிடும். சில பெற்றோர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஒரு விஷயத்தில்தான் எரிச்சல். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 200 கிலோக் குதிரை என்றால் 40 கிலோ. அதாவது பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இங்கே சவாரி கிடையாது, தரைப்பயிற்சி மட்டும்தான். இதைப் பதிவு செய்யும்போது சொல்வதில்லை. ஆசையோடு வந்த ஒரு பதினைந்து வயதுப் பெண் வாசலில் வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். அழைக்கும்போதே எடையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.