மச்சுப் பலகை நனைந்தால்: காற்றாடியா, ஈரம் உறிஞ்சும் மெஷினா?

செட்டிநாட்டு வீடுகளில் கீழ்க்கட்டு பெரும்பாலும் ஆத்தங்குடிக் கல், சலவைக்கல். தண்ணீர் புகுந்தாலும் துடைத்தால் சரி. மாடியில் தேக்குப் பலகை பாவிய அறைகள்தான் கவலை. ஓடு விலகி ஐப்பசி மழை ஒழுகியிருக்கும்; பூட்டிய வீடு என்றால் அடுத்த விசேஷத்துக்குக் கதவு திறக்கும்போதுதான் தெரியும்.

முதலில் ஓட்டைச் சரிசெய்து, தேங்கிய தண்ணீரை வழித்தெடுங்கள். ஈரம் நின்றால் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் தொடங்கிவிடும். அப்புறம்தான் எப்படி உலர்த்துவது என்ற கேள்வி.

பங்குனி, சித்திரையில் நனைந்தால் ஜன்னல்களைத் திறந்து காற்றாடி போட்டாலே போதும். வெளிக்காற்று வறண்டிருப்பதால் ஈரத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். அடைமழைக் காலத்தில் இதே வேலை பலிக்காது. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது, திறந்த ஜன்னல் வழியாக ஈரம்தான் உள்ளே வரும். அப்போது ஜன்னலை மூடி டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மெஷின், போடுவதே சரி. காற்றாடியும் கூடவே ஓடட்டும். மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டிகள் நாளுக்குச் சில நூறு மில்லிதான் இழுக்கும், பெரிய அறைக்குக் காணாது. கம்ப்ரசர் உள்ள பெரிய மெஷினை வாடகைக்கு எடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஏசியை டிரை மோடில் வைப்பது ஓரளவு கைகொடுக்கும். ஹீட்டர் மட்டும் வேண்டாம். மேல்பக்கம் சட்டென்று காய்ந்து பலகை வெடிக்கும்.

பலகையின் அடிப்பக்கம் ஈரமாகவும் மேல்பக்கம் காய்ந்தும் இருந்தால் இரண்டு ஓரமும் மேலே எழும்பி நடு குழியும். உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு இணைப்பிலும் வரப்பு மாதிரி தட்டும். இதைப் பார்த்ததும் மெஷின் போட்டு இழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். இழைத்த பிறகு அடி ஈரமும் வற்றும். ஓரங்கள் கீழே இறங்கி, நடு மேடாக நிற்கும். கழித்த தேக்கு திரும்ப வராது. காத்திருந்தால் பல பலகைகள் தாமாகவே படிந்துவிடும். அதற்குச் சில வாரமும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம்.

எப்போது போதும் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஊசி உள்ள ஈரப்பத மீட்டர் வாங்குங்கள். நனையாத அறைப் பலகையில் 12 சதவீதம் காட்டினால், நனைந்ததும் அதற்கு ஓரிரு புள்ளி பக்கத்தில் வரவேண்டும். 20-க்கு மேலேயே நின்றால் உளுத்துப்போகும் ஆபத்து உண்டு. அளவு இறங்கும்வரை பாலிஷும் கூடாது. பாலிஷ் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

காய்ந்த பிறகும் வளைவு இருந்தால் உப்புத்தாள் போடலாம். ஆணிச் சுற்றில் கறுத்த கறை இருந்தால் அது இரும்பும் ஈரமும் தேக்கோடு சேர்ந்து வந்தது. பலகை கெட்டது என்று அர்த்தமில்லை. திருப்புளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் மட்டும் அந்தப் பலகையை மாற்றுங்கள். மொத்தத்தையும் பெயர்த்துப் புதுத்தளம் போடுவது எனக்குத் துளியும் உடன்பாடில்லை. இவ்வளவு அகலத்தில் முதிர்ந்த தேக்கு இன்று எளிதில் கிடைப்பதில்லை.

மாற்றுப் பலகைக்குக் காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன. அங்கே வாங்கினால் கரையான் அரித்த தடம் இல்லாததாகப் பார்த்து வாங்கி, அதே அறையில் இரண்டு வாரம் போட்டுவையுங்கள். மீட்டர் அளவு ஒத்துவந்த பிறகு ஆசாரியை ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.