தமிழ்ப் பக்கத்தில் ஜஸ்டிஃபை: எந்த வழி எங்கே பொருந்தும்?

புத்தகம் என்றால் இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும், அதாவது ஜஸ்டிஃபை செய்ய வேண்டும் என்றுதான் பெரும்பாலான பதிப்பாளர்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. ஆனால் பத்தியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே அழுத்தியதோடு வேலை முடிந்ததென்று பல லே-அவுட்கள் அச்சுக்குப் போய்விடுகின்றன. விளைவைப் பக்கத்தில் பார்க்கலாம்: சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக வெள்ளை, அது மேலிருந்து கீழாக நாலைந்து வரிக்கு ஓடும். தமிழைப் பொறுத்தவரை ஜஸ்டிஃபையா, லெஃப்ட் அலைனா (இடது ஓரம் மட்டும் நேராக நிற்பது) என்பது இரண்டாவது கேள்விதான். வரி முடிவில் சொல்லை உடைக்க விடுகிறோமா என்பதே முதல் கேள்வி.

காரணம் எளிது. டெம்மி என்ற வழக்கமான அளவில் வரும் புத்தகத்தில் எழுத்துப் பரப்பு சுமார் நாலேகால் அங்குலம். 11 பாயின்ட் எழுத்தளவில் ஒரு வரிக்கு ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் அடங்கும். ‘புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்’ என்று 16 எழுத்துச் சொல் ஒன்று வரிக் கடைசியில் வருகிறது என்று வையுங்கள். இடமில்லை என்று அது முழுதாக அடுத்த வரிக்கு இறங்கினால், மேலே 2 சென்டிமீட்டர் காலியாகலாம். மீதி ஐந்து சொற்களுக்கு நடுவே இருப்பது நாலே இடைவெளி. ஆளுக்கு 5 மில்லிமீட்டர் கூடும். இயல்பான இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர், இப்போது 6. ஆங்கிலத்தில் அதே வரியில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருக்கும், சொல்லும் குட்டை, எனவே சுமை பரவிவிடும்.

ஆகவே சொல்லை உடைக்காத ஜஸ்டிஃபை, இருக்கிற வழிகளிலேயே மோசமானது. அதைவிட லெஃப்ட் அலைன் எவ்வளவோ மேல். இடைவெளி எல்லா வரியிலும் ஒரே அளவு, கண் தடுக்காது. வலது ஓரம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். குழந்தைகள் புத்தகம், படத்துக்குக் கீழே வரும் குறிப்பு, கவிதை, இவற்றுக்கு நான் வேறெதையும் யோசிப்பதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லை இரண்டாக உடைத்துக் கொடுக்கக் கூடாது.

நாவல், கட்டுரைத் தொகுப்பு என்றால் ஜஸ்டிஃபைதான் என் தேர்வு, ஆனால் சொல்லை உடைத்து. இதில் இரண்டு மரபுகள் உண்டு: உடைத்த இடத்தில் ஹைஃபன் என்ற சிறு கோடு போடுவது, போடாமல் விடுவது. நாளிதழ்கள் பெரும்பாலும் ஹைஃபன் போடாமலே எந்த எழுத்திலும் முறித்துக்கொள்கின்றன. வரிக்கு மூன்று சொல் மட்டுமே கொள்ளும் குறுகலான செய்திப் பத்தியில் அதைத் தவிர வழியும் இல்லை. ஓலைச்சுவடிகளும் இப்படித்தான்: சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது, ஓலை எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தி அடுத்த வரியில் தொடர்வார்கள். தமிழ்க் கண்ணுக்கு இது அந்நியமில்லை. ஆனாலும் 300 பக்க நாவலில் ஹைஃபன் இல்லாத முறிவு வாசகரை அடிக்கடி ஒரு கணம் நிறுத்துகிறது. ‘பெண்கள்’ என்பதில் ‘பெண்’ இந்த வரியிலும் ‘கள்’ அடுத்த வரியிலும் போனால் இரண்டும் தனித்தனிச் சொல்லாகவே கண்ணில் படும். புத்தகத்துக்கு ஹைஃபன் தேவை.

எங்கே உடைப்பது என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். மேலே சொன்ன சொல்லை ‘புறப்பட்டுக்-கொண்டிருந்தார்கள்’ என்று உடைத்தால் படிப்பவருக்குத் தடையே இல்லை. ‘புறப்பட்டுக்கொண்டிருந்தா-ர்கள்’ என்று உடைத்தால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் திருத்த வேண்டும். கடைசி இரண்டு எழுத்தை மட்டும் கீழே தள்ளுவதையும் நான் ஏற்பதில்லை.

இனி மென்பொருள்கள். பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறை) தெரியாத அந்த மென்பொருளில் பாமினி போன்ற எழுத்துருக்களை வைத்து இன்னும் வேலை நடக்கிற டிடிபி சென்டர்கள் (கணினியில் பக்கம் அமைத்துத் தருபவை) உண்டு. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது உள்ளுக்குள் ஐந்து ஆங்கிலக் குறிகள், கடைசிப் புள்ளி ஒரு அரைப்புள்ளி விசை. ஆங்கில ஹைஃபனேஷனை (மென்பொருள் தானாகச் சொல்லை உடைப்பதை) அணைக்க மறந்தால் அது ஆங்கிலச் சொல்லென்று எண்ணி முறிக்கும், கொம்பு ஒரு வரியிலும் அதன் எழுத்து மறுவரியிலும் போய் நிற்கும். அணைத்துவிட்டு, பெரிய இடைவெளி தெரிகிற இடத்திலெல்லாம் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹைஃபன் விசைகளை அழுத்தி, உடைக்கலாம் என்ற குறியைக் கையால் போட்டுக்கொண்டு போவதுதான் வழி. பொறுமையான ஆபரேட்டர் கையில் இதுவும் அழகான பக்கம் தரும். நேரம்தான் பிடிக்கும்.

இன்றைய பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழுக்கு ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசர் (எழுத்துகளையும் வரிகளையும் அமைக்கும் பகுதி) அவசியம். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அதிலும் இரண்டு வகை. சிங்கிள்-லைன் ஒவ்வொரு வரியாக முடித்துக்கொண்டு போகும். பாராகிராஃப் கம்போசர் முழுப் பத்தியையும் சேர்த்து எடைபோடும். கீழே ஒரு வரி மோசமாகும் என்றால் மேலே இரண்டு வரியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கும். கணினி அறிஞர்கள் டொனால்ட் க்னூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட, டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்குள் இருக்கிற முறையும் இப்படிப் பத்தி முழுவதையும் பார்ப்பதுதான். தமிழ்ப் புத்தகத்துக்குத் தயங்காமல் பாராகிராஃப் கம்போசரை எடுங்கள்.

அப்புறம் இன்டிசைனின் ஜஸ்டிஃபிகேஷன் பெட்டி. சொல் இடைவெளிக்குக் குறைந்தபட்சம், விரும்புவது, அதிகபட்சம் என மூன்று கட்டத்தில் 80, 100, 133 சதவீதம் என்று வந்தபடி இருக்கும், அதை விட்டுவிடலாம். எழுத்து இடைவெளி மூன்று கட்டத்திலும் பூஜ்யமே இருக்கட்டும். எழுத்தை விரித்தால் ‘கா’வின் கால் விலகி ‘கர’ என்று படிக்கும்படி ஆகிவிடும். எழுத்தின் அகலத்தை 98 முதல் 102 வரை விடலாம், கண்ணுக்குத் தெரியாது. பிரிஃபரன்ஸில் கம்போசிஷன் பகுதிக்குப் போய் ஹைஃபனேஷன், ஜஸ்டிஃபிகேஷன் மீறல்களைக் காட்டச் சொன்னால் மோசமான வரிகள் மஞ்சளாகத் தெரியும். அடர் மஞ்சளை மட்டும் தேடித் திருத்தினாலே பாதிப் புத்தகம் தேறிவிடும். ஹைஃபன் வேண்டாத பத்திரிகை வேலைக்கு டிஸ்கிரிஷனரி லைன் பிரேக் இருக்கிறது. தேவைப்பட்டால் குறியே இல்லாமல் அந்த இடத்தில் உடையும்.

பாராகிராஃப் கம்போசரில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசிப் புரூஃபில் பத்தியின் இறுதியில் ஒரு சொல்லை மாற்றினால், ஏற்கெனவே பார்த்து முடித்த மேல் வரிகளும் இடம் மாறும். கையால் போட்டு வைத்த முறிவுகள் தேவையற்ற இடத்தில் தங்கிவிடும். சிங்கிள்-லைனில் மாற்றத்துக்கு வெகு மேலே உள்ள வரிகள் அப்படியே இருக்கும். அதனால் எழுத்துத் திருத்தம் முழுக்க முடிந்த பிறகே வரிகளைச் சரிசெய்யத் தொடங்குங்கள். அதற்குப் பிறகும் ஆசிரியர் ஒரு சொல்லை மாற்றினால், அந்தப் பத்தியை முதல் வரியிலிருந்து திரும்பப் படியுங்கள்.