சர்வர் அறை: எது மின்சாரத்தை மிச்சம் பிடித்தது, எது காசைத் தின்றது

சென்னை ஓஎம்ஆரில் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு சொந்த சர்வர் அறை இருக்கிறது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழும்பும் பிரம்மாண்ட டேட்டா சென்டர்களோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு மூலை, சர்வர்களை அடுக்கும் ரேக்குகள் முப்பதுக்கும் குறைவு. ஆனால் கட்டிடத்தின் மின் கட்டணத்தில் பெரும்பங்கு இந்த மூலையிலிருந்துதான் வருகிறது. அதைக் குறைக்கச் சொல்லி நிர்வாகம் கேட்டபோது ஆரம்பித்த வேலைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. வாங்கிய புதிதில் எழுதும் அனுபவக் கட்டுரைகள் நிறையக் கிடைக்கின்றன. பல கோடையும் மழைக்காலமும் கழிந்த பிறகு எது நின்றது, எது சத்தமில்லாமல் பழைய நிலைக்குத் திரும்பியது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் இது.

முதலில் அளவுகோல். மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்று சொல்லும் பியூஇ (PUE) என்பது எளிய வகுத்தல்: மொத்தமாக உள்ளே வரும் மின்சாரத்தை, சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க் கருவிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். 2.0 வந்தால், சர்வருக்கு ஒரு யூனிட், அந்த சர்வரைக் காப்பாற்ற இன்னொரு யூனிட் என்று அர்த்தம். கிரீன் கிரிட் என்ற தொழில்துறை அமைப்பு 2007-ல் பரப்பிய கணக்கு இது. 2016-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. டேட்டா சென்டர்களை ஆராயும் அப்டைம் இன்ஸ்டிடியூட் எடுக்கும் கணக்கெடுப்பில் 2007-ல் சராசரி 2.5 ஆக இருந்தது, 2018-ல் 1.58 ஆனது. அதற்குப் பிறகு பெரிதாக நகரவில்லை. கூகுள் போன்றவர்கள் 1.1-ஐ ஒட்டி இருக்கிறார்கள். எங்கள் அறை 2-க்கு மேலே இருந்தது. இப்போது 1.6 பக்கத்தில் இருக்கிறது. சித்திரையில் ஏறும், மார்கழியில் இறங்கும்.

யாராவது 1.4 என்று பெருமையாகச் சொன்னால் மீட்டர் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். யுபிஎஸ் வெளியீட்டில் அளந்தால், அதற்கும் ரேக்குக்கும் நடுவில் வீணாவதும் சர்வர் கணக்கில் சேர்ந்துவிடும். எண் அழகாகத் தெரியும், பில் அப்படியே இருக்கும்.

எங்களுக்கு மிக அதிகமாகக் கைகொடுத்தது காற்றின் வழியைச் சரிசெய்ததுதான். சர்வர் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாகத் தள்ளுகிறது. இந்த இரண்டு காற்றும் கலக்கவே கூடாது. எங்கள் அறையில் எல்லா வழியாகவும் கலந்துகொண்டிருந்தது. ரேக்கில் காலியான இடங்கள் திறந்து கிடந்தன. தரைக்கு அடியில் வரும் குளிர்காற்று, கேபிளுக்காக வெட்டிய ஓட்டைகள் வழியே ரேக்கின் பின்னால் ஏறி வீணானது. ரேக்குகளின் பின்பக்கச் சூடான பாதையில் நிற்கும்போது வியர்க்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான், குளிர்காற்று மேலே வர ஓட்டை போட்ட தரை டைல்களைக் கொண்டுபோய் அங்கேயே போட்டிருந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி போட்ட கதை.

காலி இடங்களுக்கு பிளாங்கிங் பேனல் என்ற மூடுதகடு, ஓட்டைகளுக்கு பிரஷ் வைத்த மூடி, ரேக்குகளின் முன்பக்கக் குளிர்பாதையின் இரு முனையிலும் கதவு, மேலே ஒளி ஊடுருவும் கூரைத் தகடு. அவ்வளவுதான். போட்ட செலவை மிக விரைவில் திருப்பித் தந்தது இதுதான். கூரைத் தகடு போடும் முன் தீயணைப்பு அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் நாசிலும் புகை டிடெக்டரும் கூரைக்கு வெளியே மாட்டிக்கொண்டால், உள்ளே தீப்பிடித்தாலும் அதற்குத் தெரியாது. எங்களுக்கு உள்ளேயும் தனியாகப் போட வேண்டி வந்தது. கொட்டேஷனில் அந்தச் செலவு இல்லை.

இனி நீண்டகால விஷயம். பிளாங்கிங் பேனல் உடைவதில்லை, காணாமல் போகிறது. சர்வர் டீம் ஒரு பழைய பெட்டியைக் கழற்றும், அந்த இடம் திறந்தே கிடக்கும். அவசரமாக ஒரு கேபிள் இழுப்பார்கள், பிரஷ் மூடியைப் பெயர்த்து ஓரமாக வைப்பார்கள், அது ஓரத்திலேயே இருக்கும். முதல் வருட முடிவில் சேமிப்பில் கணிசமான பங்கு இப்படியே கசிந்துவிட்டது. மெமோ அனுப்பிப் பார்த்தோம், யாரும் படிக்கவில்லை. கடைசியில் வேலை செய்தது ஒன்றுதான்: வேலைக்கான டிக்கெட்டை (பணிப் பதிவை) மூட ரேக்கின் முன்பக்கப் படம் கட்டாயம், பேனல் பெட்டி அறைக்குள்ளேயே கையெட்டும் இடத்தில். ஸ்டோர் ரூமில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்றால் எவரும் போக மாட்டார்.

அடுத்தது ஈரப்பதம். கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கவனியுங்கள். சர்வர் அறைகளில் இருப்பது ப்ரிசிஷன் ஏசி. குளிர்விப்பதோடு ஈரப்பதத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். எங்களுடையவை எல்லாம் 50 சதவீதத்தில், அதுவும் நெருக்கமான எல்லைக்குள் வைக்கப்பட்டிருந்தன. சென்சார்கள் வயதாக ஆக ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொல்ல ஆரம்பித்தது. ஒரு ஏசி 46 என்று நினைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி விடும். எதிரே நிற்கும் ஏசி 54 என்று நினைத்து அதே ஆவியைப் பிழிந்து எடுக்கும், பிழிந்ததில் காற்று அதிகமாகக் குளிர்ந்துவிட்டது என்று ஹீட்டர் போட்டுச் சுட வைக்கும். சென்னையில், வெளிக்காற்றில் ஈரம் சொட்டும் ஊரில், காசு கொடுத்து ஆவி காய்ச்சிக்கொண்டிருந்தோம். ஹ்யூமிடிஃபையரை நிறுத்தி, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை வெப்பநிலையை வைத்துக் கட்டுப்படுத்தும்படி மாற்றி, எல்லா யூனிட்டும் ஒன்றோடொன்று பேசும்படி செய்தோம். ஒரு பைசா கருவி வாங்கவில்லை. நிலைமின்சாரம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. இதுவரை அப்படி ஒரு கோளாறும் வரவில்லை.

வெப்பநிலையை ஏற்றியதுதான் மனிதர்களோடு மல்லுக்கட்டிய பகுதி. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர்கள் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கும் எல்லை 18 முதல் 27 டிகிரி செல்சியஸ், சர்வர் காற்றை இழுக்கும் வாயில். 2008-லிருந்தே மேல் எல்லை 27 தான். ஆனால் நம் ஊரில் சர்வர் அறை என்றால் ஸ்வெட்டர் போட வேண்டும் என்ற நம்பிக்கை மாறவில்லை. எங்கள் ஏசிகள் திரும்பி வரும் காற்றை 21-ல் பிடித்துக்கொண்டிருந்தன. அதை ரேக்கின் முன்பக்க சென்சாரைப் பார்த்து ஓடும்படி மாற்றி, மெதுவாக ஏற்றி, இப்போது 25-ல் நிற்கிறோம். சிங்கப்பூர் 2023-ல் வெப்பமண்டல டேட்டா சென்டர்களுக்கென்றே ஒரு தரம் கொண்டுவந்து, 26-க்கும் மேலே படிப்படியாக ஏற்றலாம் என்றது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க, பனி பெய்யும் நாட்டின் உதாரணத்தைவிட இதுதான் உதவியது. 2011-ல் ஃபேஸ்புக் ஒரிகான் மாநிலத்தின் பிரைன்வில்லில் வெளிக்காற்றையே உள்ளே விட்டு பியூஇ 1.07 காட்டியதை எல்லா விற்பனையாளரும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அது வறண்ட மேட்டுநிலம். இங்கே அந்தக் கதை எடுபடாது.

ஏன் 27 வரை போகவில்லை? எங்கள் பழைய சர்வர்கள் 26-ஐத் தாண்டியதும் தங்கள் உள்விசிறிகளை வேகமாக ஓட்ட ஆரம்பித்தன. அந்த மின்சாரம் சர்வர் கணக்கில் விழும், அதனால் பியூஇ இன்னும் நன்றாகத் தெரியும். மொத்த யூனிட்டோ கூடிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்துவிட்டு ஒரு படி இறங்கி நின்றுகொண்டோம். உங்கள் சர்வர்களுக்கு அந்த இடம் வேறாக இருக்கும், பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதுவும் தானாக நிலைத்து நிற்பதில்லை. இரவு ஷிஃப்டில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும், "சார், உள்ளே வேர்க்குது சார், ஏசி ஓடுதான்னு பாருங்க" என்று போன் செய்வார்கள். அடுத்த தடவை போன் செய்ய மாட்டார்கள், தாங்களே 20-க்கு இறக்கிவிடுவார்கள். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினோம். அதைவிட உதவியது, சூடான பாதை சூடாகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயே நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தது.

வெப்பநிலையை ஏற்றினால் ஒரு விலையும் உண்டு. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்தாலும் கம்ப்ரசர் உடனே கிளம்பாது, சில நிமிடம் காத்திருக்கும். முன்பு அறையே குளிர்பெட்டியாக இருந்ததால் அது தெரியாது. இப்போது அந்த இடைவெளியில் ரேக் முன்னால் வெப்பம் சரசரவென்று ஏறுகிறது. ஏசி விசிறிகளை மட்டும் யுபிஎஸ்-க்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. பழைய பெல்ட் விசிறிகளுக்குப் பதில் வேகத்தை மாற்றக்கூடிய இசி விசிறிகள் போட்டிருந்ததால் அந்தச் சுமையும் பெரிதாக இல்லை. விசிறியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகிறது, ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. எல்லா ஏசியையும் மெதுவாக ஓட்டுவது, பாதியை நிறுத்திவிட்டு மீதியை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட லாபம்.

மொட்டைமாடியை யாரும் பேசுவதில்லை. ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் எங்கள் கண்டென்சர்கள் அங்கேதான், ஒன்றுக்கொன்று நெருக்கமாக. ஒன்று தள்ளும் சூட்டை அடுத்தது இழுக்கும். இடைவெளி விட்டு நகர்த்தியதிலும், உப்புக்காற்றும் தூசியும் அடைத்த துடுப்புகளை ஒழுங்காகக் கழுவியதிலும் கிடைத்த பலன், விலை உயர்ந்த கன்ட்ரோலரில் கிடைக்கவில்லை. தண்ணீர் தூவும் அமைப்பு ஒன்றையும் ஒரு கோடையில் முயன்றோம். நன்றாகத்தான் குளிர்ந்தது, ஆனால் லாரித் தண்ணீரின் உப்பு துடுப்பில் படிந்து போர்வை போட்டது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஓஎம்ஆர் அலுவலகங்கள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கண்டென்சர்மேல் தூவ மனசும் வரவில்லை. கழற்றிவிட்டோம்.

யுபிஎஸ் பற்றிச் சுருக்கமாக. ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இரண்டு ஓடினால் ஒவ்வொன்றிலும் பாதிக்கும் குறைவான சுமைதான் இருக்கும், நடைமுறையில் கால்வாசி. பழைய யுபிஎஸ்கள் அந்த நிலையில் நிறைய வீணடிக்கும். சுமைக்கேற்ப பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் மாடுலர் யுபிஎஸ் போட்டதில் நல்ல மிச்சம். வெளி மின்சாரத்தை நேராக உள்ளே விடும் ஈகோ மோடைப் போடவில்லை, எங்கள் பக்கத்து மின்சாரத்தை நம்பி அதைச் செய்ய நான் தயாரில்லை. பேட்டரி அறையின் வெப்பநிலையை ஏற்றாதீர்கள். ஈய அமில பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை ஆயுளில் பாதியை இழக்கும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்து பேட்டரிக்காரரிடம் கொடுப்பதில் என்ன லாபம்? லித்தியத்துக்கு மாறச் சொல்கிறார்கள். 2022 அக்டோபரில் தென்கொரியாவின் பாங்யோவில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்துக் ககாவ்டாக் என்ற மெசேஜ் செயலி படுத்ததும், 2025 செப்டம்பரில் அதே நாட்டின் டேஜோன் அரசு டேட்டா சென்டரில் நடந்த பேட்டரித் தீவிபத்தும் தெரிந்தவர்கள், குறைந்தபட்சம் பேட்டரியைச் சர்வரிலிருந்து தள்ளித் தனி அறையில் வைப்பார்கள்.

காசைத் தின்றது, டேட்டா சென்டரைக் கண்காணித்து நிர்வகிக்கும் டிசிஐஎம் மென்பொருள். வண்ண வண்ணமான திரை, முப்பரிமாணப் படம், வருடா வருடம் லைசென்ஸ். அலாரம் மழை பொழிந்ததில் ஷிஃப்ட் ஆட்கள் எல்லாவற்றையும் கேட்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டார்கள். விற்க வந்தவர், 2016-ல் டீப்மைண்ட் என்ற ஏஐ நிறுவனம் கூகுளின் குளிரூட்டும் மின்சாரத்தை 40 சதவீதம் வரை குறைத்ததைச் சொன்னார். அது ஆயிரக்கணக்கான சென்சார்களின் பல வருடத் தரவு இருந்த இடம். எங்களிடம் இருந்தது ஏசி மூச்சுவாங்கும் அறை. புதுப்பிக்காமல் விட்டு, ரேக் முன்பக்க சென்சார்களையும் வரைபடம் போடும் ஒரு இலவச மென்பொருளையும் வைத்துக்கொண்டோம். போதுமாக இருக்கிறது.

அப்புறம், எவருக்கும் வேலை செய்யாமல் ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜொனாதன் கூமி 2015-ல் வெளியிட்ட ஆய்வு, பார்த்த சர்வர்களில் 30 சதவீதம் மாதக்கணக்கில் எந்த உருப்படியான வேலையும் செய்யவில்லை என்றது. எங்கள் அறையிலும் இருந்தன. யாருடையது என்று கேட்டால் பதில் வராது, அணைக்கலாமா என்றால் எல்லோரும் வேண்டாம் என்பார்கள். நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கி, யார் கத்துகிறார்கள் என்று சில வாரம் காத்திருந்து, சத்தம் வராததையெல்லாம் கழற்றினோம். மின்சாரம் இறங்கியது. பியூஇ ஏறியது! கீழே வகுக்கும் எண் சுருங்கிவிட்டது, ஏசி, யுபிஎஸ்-களின் அடிப்படைச் செலவு அப்படியே இருந்தது. பில் குறைந்த மாதத்தில் பியூஇ ஏன் கூடியது என்று விளக்கக் கூட்டம் போட்டார்கள். அன்றிலிருந்து மாத அறிக்கையில் மொத்த யூனிட்டை முதல் வரியில் போடுகிறேன், பியூஇ அதற்குக் கீழே.

இப்போது புது வேண்டுகோள் வந்திருக்கிறது: ஏஐ வேலைக்கு ஜிபியு ரேக் வேண்டுமாம். எங்கள் ரேக்குகள் தலா நாலைந்து கிலோவாட். என்விடியாவின் ஜிபி200 ரேக் ஒன்று 120 கிலோவாட்டை ஒட்டி எடுக்கிறது, அதைத் திரவத்தால்தான் குளிர்விக்க முடியும். எத்தனை பேனல் போட்டாலும் இந்த அறையில் நடக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியே கோலோகேஷனில், அதாவது வாடகை டேட்டா சென்டரில், வைப்பது என்று முடிவு. வந்த கொட்டேஷன்களில் சிலர் உண்மையான பியூஇ-யால் பெருக்கி மின்கட்டணம் வாங்குகிறார்கள், சிலர் ஒப்பந்தத்திலேயே ஒரு எண்ணை நிலையாக எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது வகையில் அவர்கள் மிச்சம் பிடித்தால் லாபம் அவர்களுக்கு மட்டும். அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், ஒருவர் ஒத்துக்கொண்டார்.