இன்குபேட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எனக்குப் போனது 11,500 ரூபாய்

நேற்று முன்தினம்தான் மெஷினை அணைத்தேன். 23ஆம் நாள். உள்ளே செத்துக் கிடந்த முட்டைகளை வாளியில் அள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு நாலு வரிக்கு மேல் எழுத முடியவில்லை, அழுகைதான் வந்தது. 11,500 ரூபாய். மகளிர் குழுக் கடனில் எடுத்த பணம். வீட்டிலேயே முட்டையில் குஞ்சு பொரிக்க மெஷின் வாங்கலாம் என்று நினைக்கும் ஒவ்வொருவரும் இதை முழுசாகப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுக்கு மணப்பாறைப் பக்கம். வீட்டில் 14 சிறுவிடைக் கோழியும் (சின்ன ரக நாட்டுக்கோழி) 2 சேவலும் உண்டு. அடை வைப்பதெல்லாம் எங்கள் அத்தைதான். கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடக் கூடாது என்று ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ரெண்டு காய்ந்த மிளகாய் செருகி, எப்போதும் ஒற்றைப்படையில் 11 அல்லது 13 முட்டை வைப்பார். 21ஆம் நாள் கூடையைத் தூக்கினால் ஒன்றோ ரெண்டோ கூமுட்டை இருக்கும், மற்றதெல்லாம் குஞ்சு. குறை என்னவென்றால், கோழிக்குத் தோன்றினால்தான் அடை படுக்கும். படுத்த கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிந்து முடித்து மறுபடி முட்டைக்கு வர ரெண்டு மூன்று மாதம் ஆகிவிடும். ஒரு மாதக் குஞ்சு கேட்டு ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். கொடுக்கக் குஞ்சு இல்லை. அதனால்தான் மெஷின் வாங்கும் யோசனையே வந்தது.

நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றி வீடியோ போடும் ஒரு சேனல். அதை நடத்துகிறவரே மெஷினும் விற்கிறார், பொரிக்கிற முட்டையும் விற்கிறார். பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

நான் ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் ஏமாறுவது அந்த இடத்தில்தான். நான் கேட்டது 200 முட்டை மெஷின், 14,000 ரூபாய். அந்தத் தம்பி வேண்டாம் என்றார். "அக்கா, உங்ககிட்ட 14 கோழிதான் இருக்கு, அவ்வளவு பெரிசு எதுக்கு? காசை வீணாக்காதீங்க. 100 முட்டை மெஷின் போதும். ரெண்டு ஈடு பொரிச்சுப் பாத்துட்டு அப்புறம் பெரிசு வாங்குங்க" என்றார். விற்கிறவரே குறைந்த விலைச் சாமானை எடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? எங்கள் ஊரில் கரண்ட் எப்படி, இன்வெர்ட்டர் இருக்கிறதா, மெஷினை வைக்கிற அறையில் ஓடு போட்டிருக்கிறதா தகரமா என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டார். வீடியோ கால் போட்டு ஒரு மெஷினின் கண்ணாடி வழியாகக் காட்டினார். ஈரம் காயாத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற அத்தையே "நல்ல பையனாத்தான் தெரியறான்" என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் அத்தை லேசில் யாரையும் நம்புகிறவர் இல்லை. அந்த நிமிடமே முழுப் பணத்தையும் போனில் அனுப்பினேன். மெஷின் 8,600. பெருவிடை (பெரிய ரக நாட்டுக்கோழி) முட்டை 60, ஒன்று 40 ரூபாய் வீதம் 2,400. பார்சல் செலவு 500. மொத்தம் 11,500 ரூபாய்.

பார்சல் வந்தது. தெர்மாகோல் பெட்டி, ரெண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், முட்டையை உருட்டுகிற மோட்டார், முன்னால் வெப்பம் காட்டும் டிஸ்ப்ளே. பில் என்று ஒரு துண்டுத் தாள் இருந்தது. அதில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முட்டை அட்டையைப் பிரித்தபோது ஒன்றைக் கவனித்தேன். மேல் அடுக்கில் இருந்த 10 முட்டை சின்னதும் பெரிசுமாக, வெளிர் நிறத்தில், நாட்டு முட்டை மாதிரியே இருந்தன. கீழே இருந்த 50ம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, ஒரே பழுப்பு, கழுவித் துடைத்த பளபளப்பு. போட்டோ எடுத்து அனுப்பினேன். "அது வேற வேற கோழிக்கா, பயப்படாதீங்க" என்று பதில் வந்தது.

சரி என்று கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு ராத்திரி அசையாமல் வைத்துவிட்டு, மறுநாள் காலை மெஷினில் அடுக்கினேன். அந்த 60ம், எங்கள் வீட்டு முட்டை 18ம், ஆக 78. அதே நாளில் ஒரு கோழி அடை படுத்திருந்தது. அதே வாரம் எடுத்த எங்கள் முட்டையில் 11 எடுத்து அத்தை அதற்கும் வைத்தார். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

நாலாம் நாள் மோட்டார் நின்றது. போன் செய்தேன். "கையால திருப்பிக்கோங்க அக்கா, டெக்னீஷியன் கூப்பிடுவார்." யாரும் கூப்பிடவில்லை. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டு, ஒரு நாளைக்கு ஐந்து தடவை கையால் திருப்பினேன். முட்டையைத் திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ராத்திரி 11 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் அலாரம் வைத்து எழுந்தேன்.

ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு முட்டையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். கரு பிடித்த முட்டையில் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடும், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி அசையும். அந்த 50 முட்டையில் ஒன்றில்கூட எதுவும் இல்லை. வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் போகிறது. முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை, ஏழு நாள் முட்டைக்கு இருக்க வேண்டியதைவிட ரொம்பப் பெரிசு, அப்படியென்றால் பழைய முட்டை. ஐந்தை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினேன். கரு வளர ஆரம்பித்துச் செத்த அடையாளம்கூடக் கிடையாது, மஞ்சள் கரு மேல் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும்.

மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடம் போட்டோவையும் மிச்ச முட்டையையும் காட்டினேன். பார்த்ததுமே அவர் கேட்டார், "இது லேயர் பண்ணை முட்டை மாதிரி இருக்கே, எங்க வாங்குனீங்க?" லேயர் என்றால் சாப்பிடுகிற முட்டைக்காக வளர்க்கும் கோழி. நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் கூண்டுக்குள் கோழி மட்டும்தான், சேவலே கிடையாது. சேவல் மிதிக்காத முட்டையை 21 நாள் இல்லை, 200 நாள் வைத்தாலும் குஞ்சு வராது. பழுப்பு ஓடு போடும் லேயர் கோழியும் உண்டு, அந்த முட்டையை நாட்டு முட்டை என்று விற்பது புதிதில்லை என்றார். என்னிடம் அதற்கு நிரூபணம் இல்லை. ஆனால் 50 முட்டையில் 50ம் கூமுட்டையாக இருந்தால் வேறு என்ன நினைப்பது? சாப்பிடுகிற முட்டையை 40 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன்!

மிச்சம் 28 முட்டை. மேலடுக்கில் வந்த 10, எங்கள் வீட்டு 18. அதிலும் 13 முட்டையில் ரத்த வளையம், அதாவது கரு பிடித்து வளர ஆரம்பித்துச் செத்தவை. கவனித்தால், செத்ததெல்லாம் பல்புக்கு நேர் கீழேயும் கடைசி மூலையிலும் இருந்தவை. டிஸ்ப்ளேயில் எந்நேரமும் 37.8 டிகிரி செல்சியஸ்தான், அதாவது 100 ஃபாரன்ஹீட். வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருந்த பழைய பாதரசத் தெர்மாமீட்டரை உதறி உதறி ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். பல்புக்குக் கீழே 104. கடைசி மூலையில் 97. இருக்க வேண்டியது எல்லா இடத்திலும் 100 ஃபாரன்ஹீட்டை ஒட்டி. சென்சார் ஃபேனுக்கு நேர் எதிரில் ஒட்டியிருக்கிறது. அந்த ஒரு இடத்துச் சூட்டை மட்டும் அது காட்டுகிறது, முட்டைகள் வெந்தும் குளிர்ந்தும் சாகின்றன. நடுவில் வைக்கலாம் என்று மிச்சம் இருந்த 15ஐயும் நகர்த்தினேன். வேறு அடைக்கோழி அப்போது இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே அதற்கு மாற்றியிருப்பேன்.

இனி அந்தத் தம்பியின் பதில்களைக் கேளுங்கள். எல்லாம் வாட்ஸ்அப்பில் அப்படியே இருக்கிறது.

முதலில், "டிஸ்ப்ளே 37.8 காட்டுதே, அப்புறம் என்னக்கா?" தெர்மாமீட்டர் போட்டோ அனுப்பினேன். "காய்ச்சல் தெர்மாமீட்டர்லாம் இதுக்கு ஆகாது." சென்சாரை நான் நகர்த்தட்டுமா என்று கேட்டேன். "தொட்டீங்கன்னா வாரண்டி போயிரும்." தண்ணீர் ஊற்றினீர்களா என்றார். தட்டில் தினமும் ஊற்றியதன் வீடியோ அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து கரண்ட் இல்லை. வெந்நீர் பாட்டில்களை உள்ளே வைத்துக் கம்பளியால் மூடிச் சமாளித்தேன். அதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்படிச் சொல்லுங்க! கரண்ட் போனா நாங்க என்ன பண்ண முடியும்?" பிடித்துக்கொண்டார். 13 முட்டை செத்தது ஏழாம் நாளுக்கு முன்னால், கரண்ட் போனது பன்னிரண்டாம் நாள். இதை மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் பதில் இல்லை. அடைக்கோழிகூட தினமும் இரை எடுக்க எழுந்து கால் மணி, அரை மணி முட்டையை விட்டுப் போகத்தான் செய்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "அக்கா" போய் "மேடம்" வந்தது. "உங்க சேவல்ல குறை இருக்கும் மேடம்" என்றார்.

சேவலில் குறையா? 21ஆம் நாள் அத்தை வைத்த கூடையில் 11 முட்டையில் 10 குஞ்சு வந்தது. அதே சேவல், அதே கோழிகள், அதே வாரத்து முட்டை. மெஷினில் வைத்த எங்கள் 18ல் வெளியே வந்தது 2. பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தும்போது மொத்தமே 8 முட்டையில்தான் உயிர் தெரிந்தது. கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு ஏற வேண்டும். அந்தப் பெட்டியில் மூடி சரியாக உட்காராததால் ஈரம் நிற்கவே இல்லை. ஈரத்துணி போட்டும் பார்த்தேன். மூன்று முட்டையில் குஞ்சு ஓட்டைக் கொத்தி விரிசல் விட்டது. ஒன்று அந்த விரிசலோடேயே நின்றுவிட்டது, சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு. உள்ளே கீச்சு கீச்சென்று அது கத்திக்கொண்டிருந்ததை நானும் சின்னவனும் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தோம். காலையில் சத்தம் இல்லை. வெளியே வந்த ரெண்டில் ஒன்று தொப்புள் மூடாமல் சாயங்காலம் செத்தது. 78 முட்டைக்கு ஒரே ஒரு குஞ்சு. அதை ராத்திரியில் அடைக்கோழியின் இறக்கைக்குள் தள்ளிவிட்டேன், சேர்த்துக்கொண்டது.

இந்தக் கணக்கை அப்படியே எழுதி அனுப்பினேன். "மெஷினைத் திருப்பி அனுப்புங்க, செக் பண்ணிட்டுச் சொல்றோம். பார்சல் செலவு உங்களுது. பழைய பேக்கிங்லயே இருக்கணும்." முகவரி கேட்டேன். கொடுக்கவில்லை. சேனல் வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன், பத்து நிமிடத்தில் காணோம். இப்போது என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார். 11,500 ரூபாய் வாங்கும்போது நாலு நிமிடத்தில் போனை எடுத்தவர்!

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, பேசியது, போட்டோ எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. போகத்தான் போகிறேன். ஆனால் எதிராளியின் முகவரி வேண்டும், அதுதான் இப்போது சிக்கல்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இன்றைக்கு வியாழன், குழுவில் தவணை கட்ட வேண்டிய நாள், நேரம் ஆகிவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில் தராதவரிடம் வாங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். முட்டையைத் தயவுசெய்து பார்சலில் வாங்காதீர்கள், சேவல் ஓடுகிற இடத்தை நேரில் பார்த்து, ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையா என்று கேட்டு வாங்குங்கள். மெஷின் வந்ததும் முட்டை வைக்காமல் ஒரு நாள் ஓடவிட்டு, நாலு மூலையிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன, வாங்குவதற்கு முன்னால் அங்கே போய்க் கேளுங்கள். பணம் அனுப்பியதும் ஆளே காணாமல் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்காதீர்கள்.

அந்த மெஷின் திண்ணையில் கிடக்கிறது. வேறு யாராவது இதே மாதிரி, மேலே 10 நாட்டு முட்டையும் கீழே 50 பழுப்பு முட்டையுமாக வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள். பில்லில் முகவரி இருந்தால் அதையும் அனுப்புங்கள்.